சக்கரத்துக்கு வைத்த கல்

தணிகைமணி ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். தொட்டி வழியும் சத்தம் கேட்டதும் அணைத்தான். வாசல் கம்பியில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துவந்து அடுப்பு மேடையில் வைத்தான். பல் துலக்கினான். முகம் மழித்தான். கண்ணாடியில் தாடையை மட்டும் பார்த்தான். மலைமேல் ஒலிபெருக்கி பாடத் தொடங்கியிருந்தது. தெருமுனையில் ஒரு வேன் நின்றது. இறங்கியவர்கள் மொட்டை போடும் இடத்துக்குத் தெலுங்கில் வழி கேட்டார்கள். ஏழு மாதமாக ஒவ்வொரு காலையும் இந்த வரிசையில்தான் நடந்தது. வரிசை கலைந்தால் அடுத்து என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியாது.

அன்று வெள்ளிக்கிழமை. கம்பெனிக்கு லீவு சொல்லியிருந்தான்.

"மாப்ளே, டீ" என்று அனுசுயா டம்ளரை நீட்டினாள். அவன் மாமியார். மகள் பானுப்ரியா இறந்த மூன்றாம் நாள் அவனுக்குச் சமைத்துப் போடவென்று ஆர்.கே.பேட்டையிலிருந்து இரண்டு புடவையோடு வந்தவள். இன்னும் திரும்பிப் போகவில்லை. "பத்தரைக்கு ராகு காலம் வந்துடும். அதுக்குள்ள வண்டி தெருவத் தாண்டிடணும். பன்னண்டுக்கு மேல தட்டு மாத்திக்கலாம்னு உங்க மாமா சொல்லிட்டாரு. விடிஞ்சதுலேர்ந்து தறிய நிறுத்திட்டு உக்காந்துகினு இருக்காராம்."

"சரி அத்தை."

"பட்டு வேட்டி எடுத்து வெச்சிருக்கேன். கட்டிக்கோங்க."

"ஆங்."

தட்டு மாற்றப்போவது அவனுக்கும் ஷாலினிக்கும். ஷாலினி பானுவின் தங்கை.

இதற்கெல்லாம் முதல், அவன் சொன்ன ஒரு பொய். யாரும் அவன் வாயில் திணிக்கவில்லை. ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே, டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகு, அனுசுயா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியா இன்னா சொன்னா? உங்ககிட்டதான பேசினா. இன்னா சொன்னா எம் பொண்ணு?" எதிர்ச் சுவரோரம் ஷாலினி தரையில் மடங்கிக் கிடந்தாள். கண் செருகியிருந்தது. அந்தப் பெண்ணை யாராவது பார்த்துக்கொண்டால் தேவலை என்று நினைத்தான். நினைத்தது வேறாக வெளியே வந்தது. "ஷாலினியப் பாத்துக்கோங்கன்னு சொன்னா."

பதினாறாம் நாள் காரியத்தில் அது, 'தங்கச்சிய உங்க கையில குடுத்துட்டுப் போறேன்' என்று ஆகியிருந்தது. மூன்றாம் மாதம், 'கட்டிக்கச் சொல்லிட்டுத்தான் கண்ண மூடிச்சாம்' என்று உறவுக்காரர்கள் அவனிடமே வந்து சொன்னார்கள். அக்காவை இழந்தவனுக்குத் தங்கையைக் கொடுப்பது அவர்களுக்குள் புதிதில்லை. செத்தவளே சொல்லியிருக்கிறாள் என்றால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. மறுத்துச் சொல்ல ஒவ்வொரு தடவையும் சிறிது நேரம் இருந்தது. அவன் அதைப் போகவிட்டான். வருத்தப்பட்டுக்கூட அல்ல. கேட்கிறவர்களின் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பான், பிறகு தலையாட்டுவான்.

முந்தின நாள் சாயங்காலம் ஷாலினி போன் செய்தாள். சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். எதையும் நேராகக் கேட்கிறவள்.

"பாவா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அக்கா நெஜமா எம் பேரச் சொன்னாளா?"

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"அங்க இருந்தது நீங்க ஒருத்தர்தான். வேற யாரப் போயி நான் கேக்கறது? எனக்கு இதுல இஷ்டமில்ல, அது உங்களுக்கே தெரியும். ஆனா அவ சொல்லியிருந்தா வாயத் தொறக்க மாட்டேன். பொடவயக் கட்டிகினு வந்து நிக்கறேன். சொல்லலன்னா இப்பவே சொல்லிடுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

ஜன்னலுக்கு வெளியே மலைப்படி விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. அவன் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தான்.

"ஆங்," என்றான். "சொன்னா."

"சரி பாவா" என்று அவள் வைத்துவிட்டாள். குரலில் கோபமில்லை. அதுதான் இரவெல்லாம் அவன் காதில் இருந்தது.

டீயைக் குடித்துவிட்டு, "வண்டிக்கு பிரேக் பேடு மாத்திட்டு வந்துடறேன் அத்தை" என்றான்.

"இன்னிக்கா?"

"முன்னால எடது பக்கம் சத்தம் வருது. உங்கள ஏத்திகினு போவணுமே."

அந்த பிரேக் பேடு இன்னும் ஒரு மாதம் தாங்கும். அவன் மெக்கானிக்கல் படித்தவன், அது அவனுக்குத் தெரியும். ஒரு மணி நேரமாவது கையில் வேலை இருக்கும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பதுதான் விஷயம்.

கார் பழையது. மூக்கு வீட்டைப் பார்க்க, வால் தெருவைப் பார்க்க நின்றது. மழைத் தண்ணீர் ஓடுவதற்காகத் தெருப் பக்கம் சரித்துப் போட்ட சிமென்ட் தரை. முதலில் கியரில் போட்டான். கை பிரேக்கை இழுத்தான். அதன் கம்பி தளர்ந்து மூன்று மாதம் ஆகிறது, அதை நம்ப முடியாது. முன்சக்கரத்தில் ஒன்றைத் தூக்கிவிட்டால் கியரும் வண்டியைப் பிடிக்காது, தூக்கிய சக்கரம் காற்றில் சும்மா சுற்றிக்கொடுத்துவிடும். ஆகவே எல்லாம் கல்லில்தான். பின்சக்கரம் இரண்டுக்கும் பின்னால் ஒவ்வொரு கருங்கல்லை வைத்து, சுத்தியால் தட்டி இறுக்கினான். கையால் அசைத்துப் பார்த்தான். அசையவில்லை.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தினான். தூக்கிய பிறகு ஸ்பேனரை மிதித்தால் வண்டி ஆடும். ஜாக்கிக்கு அடியில் தட்டையான பலகை. கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில் ஜாக்கிக்கென்று இரண்டு வெட்டு இருக்கும், சரியாக அதன் நடுவில் ஜாக்கியின் தலையைப் பொருத்தினான். கம்பியைச் சுற்றச் சுற்ற வண்டி முனகிக்கொண்டு எழுந்தது. சக்கரத்தைக் கழற்றி, அதைப் படுக்கவைத்து, விளிம்புக்கு அடியில் தள்ளினான். ஜாக்கி போனாலும் வண்டி சக்கரத்தின் மேல் விழும், ஆளின் மேல் விழாது. தாங்குவதற்குத் தனி ஸ்டாண்டு வாங்க வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தான். கழற்றிய நட்டு, போல்ட்டு எல்லாம் உருண்டு போகாமல் இருக்கப் படுத்திருந்த சக்கரத்தின் பள்ளத்திலேயே போட்டான். எப்போதும் அப்படித்தான் செய்வான்.

ஒன்பதரைக்குப் பழைய பேடுகள் வெளியே வந்துவிட்டன. அனுசுயா தாம்பாளத்தோடு வந்தாள். குங்குமம், கற்பூரம், நான்கு எலுமிச்சம்பழம். கார் முன்மூக்கில் பொட்டு வைத்தாள்.

"இன்னும் முடியலையா மாப்ளே?"

"இதோ."

"நீங்க பாட்டுக்கு பண்ணுங்க. நான் பழத்த வெச்சிடறேன். நேரம் போய்க்கினே இருக்குது." சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். நல்ல காரியத்துக்குக் கிளம்பும் வண்டி முதல் சுற்றிலேயே பழத்தை நசுக்க வேண்டும். இந்த வீட்டிலிருந்து வண்டி ரிவர்ஸில்தான் வெளியே போகும். அப்படியென்றால் பழத்துக்கு இடம் பின்சக்கரத்துக்குப் பின்னால். அங்கே கல் இருந்தது.

"மாப்ளே, இந்தக் கல்ல எடுத்துடறேன். நல்லதுக்குப் போற வண்டிக்குக் கல்ல குறுக்க வெச்சிகினு, பாக்கவே நல்லா இல்ல. எடுத்துடட்டா?"

அவன் சக்கரத்தின் பள்ளத்துக்குள் கையை விட்டு ஒரு போல்ட்டைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"ஆங்" என்றான்.

சுத்தி தரையில்தான் கிடந்தது. தறிக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவள், எதை எங்கே தட்டினால் கழலும் என்று தெரிந்தவள். முதல் கல் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. பழத்தை வைத்தாள். இரண்டாவது கல் வந்தது.

வண்டி அவசரப்படவில்லை. முக்கால் அடி பின்னால் நகர்ந்தது, அவ்வளவுதான். ஜாக்கி சாய்ந்தது. பலகையிலிருந்து வழுக்கியது. விளிம்பு படுத்திருந்த சக்கரத்தின் மேல் இறங்கி உட்கார்ந்தது. விளிம்புக்கும் டயருக்கும் நடுவில் அவன் இடது கை, முழங்கைக்குக் கீழே.

அவன் கத்தவில்லை. காற்று மட்டும் வெளியே போனது. எலுமிச்சம்பழ வாசனை வந்தது.

"அய்யோ மாப்ளே."

"கல்லு" என்றான். "அத்தை, கல்ல திரும்ப வைங்க. ரெண்டு சக்கரத்துக்கும். இறுக்கித் தட்டுங்க. மொதல்ல அது."

அவள் வைத்தாள். தட்டும்போது வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஜெயம்மா கையில் துடைப்பத்தோடு ஓடிவந்தாள். நாலு வீடு உள்ள முட்டுச்சந்து அது. ஆண்களெல்லாம் ஏழரை ரயிலுக்கே போய்விடுவார்கள்.

"அடப்பாவமே, தூக்கிடலாம் வாக்கா. ஆளுக்கு ஒரு பக்கம் புடி" என்று ஜெயம்மா துடைப்பத்தைப் போட்டாள்.

"வேணாங்க்கா. ரெண்டு பேரால ஆவாது. பாதி தூக்கிட்டு உட்டீங்கன்னா கை போயிடும். சேட்டுவக் கூப்புடுங்க. பெரிய ஜாக்கி வெச்சிருக்காரு" என்றான்.

தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் சேட்டு. ஜெயம்மா தன் போனில் கூப்பிட்டாள். அவர் கனகம்மாசத்திரத்தில் ஒரு லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார். ஜாக்கியும் அவரோடுதான் இருந்தது. அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறேன், யாரும் வண்டியைத் தொடக்கூடாது என்றார். ஜெயம்மா அவரை எதிர்பார்த்துத் தெருமுனைக்குப் போனாள்.

தணிகைமணி பக்கவாட்டில் படுத்திருந்தான். கன்னம் சிமென்ட்டில் இருந்தது. டயர் ரப்பர் என்பதால் எலும்பு முறியவில்லை என்று தோன்றியது. பள்ளத்துக்குள் விரல்கள் அசைந்தன. ஒரு நட்டைத் தொட்டு உருட்ட முடிந்தது. கையை இழுக்க மட்டும் முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்கொண்டு வந்தது. மரத்துப்போவது அவனுக்குப் பழக்கம்தான், ஆனால் இது இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

அனுசுயா அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சொம்பிலிருந்து தண்ணீரை ஊற்றி அவன் உதட்டை நனைத்தாள்.

"எந் தப்புதான். நான்தான் கல்ல எடுத்தேன்."

"உங்க தப்பு இல்ல. நீங்க கேட்டீங்க. நான் ஆங்ன்னு சொன்னேன்."

"இல்ல மாப்ளே. இது வேற." அவள் மலைப் பக்கம் பார்த்தாள். பார்வையை எடுக்காமலே பேசினாள். "பானுதான் இது. அவ சொல்லி ஏழு மாசம் ஆவுது. நாளு பாக்கறேன், நேரம் பாக்கறேன்னு நான்தான் இழுத்துகினு இருந்தேன். பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு காட்டிட்டா. தட்டு மாத்தறதோட நிறுத்தப் போறதில்ல. இந்தக் கை வெளிய வரட்டும், இன்னிக்கே அப்டியே தாலியும் கட்டிடலாம். மலைக்குக் கூட போவ வேணாம், ஊட்லயே கட்டிடலாம். இப்பவே உங்க மாமாவுக்குப் போனு போட்டுச் சொல்றேன்."

மடியிலிருந்து போனை எடுத்தாள். எழுத்து தெரியாது, படத்தைப் பார்த்துத்தான் அழுத்துவாள். புருஷன் வீரபத்திரனின் படத்தைத் தேடி விரல் நகர்ந்தது.

அவன் அந்த விரலைப் பார்த்தான். ஏழு மாதத்தில் எதையும் இப்படிப் பார்த்ததில்லை. எழுந்து வேறு அறைக்குப் போக முடியாது. வேலை இருக்கிறது என்று சொல்ல முடியாது. முகத்தைத் திருப்பக்கூட இடமில்லை. போன் அடிக்கும், அவர் எடுப்பார், மதியத்துக்குள் ஷாலினி புடவை கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். வாயைத் திறக்க மாட்டாள். சொன்ன சொல் தவறுகிற பெண் இல்லை அவள்.

"அத்தை, போடாதீங்க."

"ஏன்?"

"பானு அப்டி சொல்லல."

"எப்டி சொல்லல?"

"ஷாலினி பேரே அவ எடுக்கல. நான்தான் சொன்னேன்."

விரல் நின்றது. "வலில பேசறீங்க. பேசாம படுங்க."

"வலி இருக்குது. அதனால பேசல. அன்னிக்கு நீங்க சட்டயப் புடிச்சி கேட்டீங்க. எனக்கு ஒண்ணும் வரல. ஷாலினி கீழ உழுந்து கெடந்துது. அதப் பாத்துகினு இருந்தேன். வாயில வந்துடுச்சி. அப்புறம் நீங்கள்லாம் அத வளத்துட்டீங்க. நான் சும்மா இருந்துட்டேன். நேத்து ஷாலினியே கேட்டுது. நெஜமான்னு. அதுக்கும் ஆங்ன்னேன். அது இதுக்கு இஷ்டப்பட்டு வரல அத்தை. அக்கா சொன்னான்னு வருது."

வெகு நாளைக்குப் பிறகு அவன் இவ்வளவு நீளமாகப் பேசினான். முடித்ததும் மூச்சு வாங்கியது.

ஒரு எறும்பு அனுசுயாவின் காலில் ஏறி, புடவைக் கரையில் நடந்தது. அதைத் தட்டிவிடவில்லை.

"எம் பொண்ணு போனா" என்றாள் கடைசியில். குரல் தணிந்திருந்தது. "போறப்ப தங்கச்சிய நெனச்சிகினு போனா, ஊட்ட நெனச்சிகினு போனான்னு இருந்தேன். அந்த ஒரு வார்த்தைய வெச்சிகினுதான் சோறு துண்ணேன். அதுவும் நீங்க சொன்னதா?"

"ஆங்."

அவள் எழுந்தாள். சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தவில்லை, ஆனால் திரும்பியும் வரவில்லை. அடுப்படியில் ஏதோ பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

அவன் தனியாகக் கிடந்தான். காருக்கு அடியில் வெளிச்சம் நீளமான கோடாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் ஜாக்கி மல்லாந்து கிடந்தது. விரல்களை எண்ணிக்கொண்டே ஒவ்வொன்றாக அசைத்தான். நான்காவது விரல் அசைகிறதா என்று தெரியவில்லை. உள்ளே போனவள் மாமாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். அல்லது எதையும் சொல்லாமல் பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு வந்து, கெளம்பலாம் என்று சொல்லலாம். இரண்டையும் அவனால் தடுக்க முடியாது. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டான். அதன் பிறகும் கை அதே இடத்தில்தான் இருந்தது.

சேட்டுவின் வண்டிச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. ஜாக்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் ஜெயம்மா.

அவர் முதலில் பின்பக்கம் போய்க் கல்லைக் காலால் உதைத்துப் பார்த்தார். நசுங்கிய பழத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"இன்ஜினீயர் சாரு. கல்லு வெச்சிருக்க, பலக வெச்சிருக்க, அடியில வீலு போட்டிருக்க. எல்லாம் புக்குல இருக்கறபடி கரீட்டா பண்ணிட்டு, கைய மட்டும் எதுக்கு உள்ள உட்ட?"

"போல்ட்டு எடுக்க."

"போல்ட்டு எங்கியும் ஓடிடாதுபா. அதுக்குக் காலு இல்ல." ஜாக்கியை விளிம்பின் பின்வெட்டில் பொருத்தினார். "ஜெயம்மா, உம் பங்குக்கு நீ ஏதும் எடுத்துடாத தாயி. அந்தக் கல்லு மேல ஏறி குந்து."

"குந்தறேன், நீ மொதல்ல தூக்கு. வாய்தான் வேல செய்யுது."

நெம்புகோல் ஏறி இறங்கியது. ஒன்று, இரண்டு. விளிம்பு டயரை விட்டு நூல் அளவு எழுந்தது. "இப்ப இழுக்காத. சொல்றேன்." இன்னும் மூன்று தடவை. "ஆங், இப்ப."

கை வெளியே வந்தது. முழங்கைக்குக் கீழே குறுக்கே ஒரு பள்ளம், இரண்டு பக்கமும் நீலம். ரத்தம் திரும்பியதும் வலி தோள் வரை ஏறியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். சேட்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னார். நான்காவது மெதுவாக மடங்கியது.

"எலும்பு தப்பிச்சிகிச்சி. எதுக்கும் பெரியாஸ்பத்திரில ஒரு படம் எடுத்துடு. நான் இட்டுகினு போறேன். ஆட்டோ கொண்டாறேன், இரு." அவர் ஜெயம்மாவோடு தெருமுனைக்குப் போனார்.

அப்போது அனுசுயா வெளியே வந்தாள். பட்டுப்புடவை இல்லை. காலையில் கட்டியிருந்த அதே நூல் புடவைதான். போன் காதில் இருந்தது. எதிர்முனையில் வீரபத்திரனின் குரல் சின்னதாகக் கேட்டது. ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வரலன்னா வரல" என்றாள். "தட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. வந்தவங்களுக்கு சாப்பாடு போட்டு அனுப்பு. நான் வந்து சொல்றேன். ஷாலினிகிட்ட குடு." கொஞ்ச நேரம் காத்திருந்தாள். "அம்மாடி, பொடவய மாத்திக்கோ. காலேஜுக்குப் போறதுன்னா போ. ஆங், நெஜமாத்தான். அவரே சொல்லிட்டாரு. அழாதடி."

போனை அணைத்து மடியில் செருகினாள். அவனுக்கு இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். அவன் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப இன்னாதான் சொன்னா?"

அவன் வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"இன்னொரு பொய்ய எனக்காக ஜோடிக்காதீங்க. எம்மாம் சின்னதா இருந்தாலும் பரவால்ல. திட்டியிருந்தாலும் பரவால்ல. அவ வாயில வந்தது எனக்கு வேணும்."

அன்று ஆஸ்பத்திரியில் பானுவின் ஸ்ட்ரெச்சரைக் கதவுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சலில் பானுவின் உதடு வெடித்திருந்தது. தலையைத் தூக்கி அவனைத் தேடினாள். அவன் குனிந்தான். இரண்டு நாளில் வெளியே வந்துவிடுவோம் என்றுதான் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கதவு மூடிய பிறகு அவள் அவனிடம் எதுவும் பேசவில்லை.

அவன் அதைச் சொன்னான். பானு சொன்ன மாதிரியே, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல்.

"என் செருப்பு வாசல்லியே கெடக்குதுங்க. எடுத்து வெச்சிடுங்க, நாய் தூக்கினு பூடும்."